புழு விழுகிறது, மறுநாள் எழுந்துவிடுகிறது: பைரத்ராய்டு மருந்து தெளிப்பில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

பருத்தி சப்பை (பூமொட்டு) வைக்கும் நாட்களில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சாயங்காலமானால் எல்லா ஊர்களிலும் ஒரே பேச்சுதான். "அடிச்சுப் பாத்தாச்சு, புழு கேக்கலை. இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிக்கலாமா?" நான் பார்த்த அளவில், இந்தக் கேள்விக்கு "அடிக்கலாம்" என்று சொல்ல வேண்டிய வயல் மிக அபூர்வம். மருந்து கேட்காததற்குக் காரணம் அளவாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், தெளித்த நேரமாகவோ புழுவின் வயதாகவோ இருக்கலாம். வயலில் தெரியும் அறிகுறியை நிதானமாகப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்னதாக அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின், பைஃபென்த்ரின், ஃபென்வலரேட் என்று இருந்தால் அது பைரத்ராய்டு. புரஃபெனோபாஸ் 40 சதவீதத்தோடு சைபர்மெத்ரின் 4 சதவீதம், குளோர்பைரிபாஸ் 50 சதவீதத்தோடு சைபர்மெத்ரின் 5 சதவீதம் என்று கலவையாகவும் விற்கிறார்கள். இந்தக் கலவைகளில் பெரும்பங்கு ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வேறு வகுப்பு மருந்து. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் வயலில் பணம் போகும். ஆஸ்பத்திரியில் உயிரே போகலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைரத்ராய்டு பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. பூச்சியின் மேல் பட வேண்டும், அல்லது மருந்து படிந்த இலையைப் பூச்சி தின்ன வேண்டும். செடியின் சாற்றுக்குள் ஏறி ஊடுருவும் குணம் இதற்குக் கிடையாது. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இதுதான் வேர்.

முகம் எரிகிறது, உதடு மரத்துப்போகிறது

இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எரிச்சலோடு இதைப் படிப்பவர் யாராவது இருப்பார். தெளித்து முடித்துச் சில மணி நேரம் கழித்துக் கன்னம், நெற்றி, உதட்டோரம் ஊசி குத்துவதுபோல் சுரீர் என்று இருக்கும். தோல் சிவந்திருக்காது, கொப்புளமும் இருக்காது. மருந்து தோலில் உள்ள நரம்பு நுனிகளைத் தொட்டதால் வரும் உணர்வு இது. வியர்வை, வெயில், சுடுதண்ணீர் மூன்றும் இதைக் கூட்டும். எனக்கே இது வந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் அடித்தேன். ஆனால் தோளில் கிடந்த துண்டில் மருந்துச் சாரல் விழுந்திருக்கிறது, அதனாலேயே முகம் துடைத்துவிட்டேன். அன்று இரவு தூங்கவில்லை.

உடுப்பைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். தேய்த்துச் சொறியாதீர்கள். கழுவித் துடைத்தபின் வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் எரிச்சல் தணியும். பொதுவாக ஒரு நாளுக்குள் போய்விடும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் விடாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எரிச்சலோடு தலைசுற்றல், வாந்தி, கை நடுக்கம், மூச்சுத் திணறல் எதுவாவது சேர்ந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 108 வண்டியை அழையுங்கள், பாட்டிலையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். தனிப் பைரத்ராய்டுக்கு முறிமருந்து கிடையாது, அறிகுறிக்கு ஏற்றபடிதான் சிகிச்சை தருவார்கள். கலவை மருந்தாக இருந்து, எச்சில் ஒழுகுவது, அளவுக்கு மீறி வியர்ப்பது, கண்மணி சுருங்குவது என்று இருந்தால் அது ஆர்கனோபாஸ்பரஸ் விஷம். அதற்கு அட்ரோபின் வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் "பூச்சி மருந்து" என்று மட்டும் சொல்வது போதாது, பெயரைச் சொல்ல வேண்டும். யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த மருந்துகள் பெட்ரோலிய எண்ணெய்க் கரைசலில் இருப்பவை, வாந்தியில் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. உள்ளூர் மருத்துவரும் இந்த எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. பல மருந்துகளைக் கலந்து, பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அடித்தார்கள். செடி நெஞ்சுக்கு மேலே போய்விட்டால் சாரல் நம் மூச்சுக்கு நேராக வருகிறது என்று பொருள். தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நுழையாதீர்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் நான்கும் வேண்டும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நடந்து, காற்று போகும் திசையில் சாரலை விடுங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. துவைக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் கையுறை வேண்டும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

விழுந்த புழு மறுநாள் நடக்கிறது

பைரத்ராய்டு பட்டதும் பூச்சி துடித்து விழும். அதைப் பார்த்ததும் நமக்கு நிம்மதி. ஆனால் விழுந்ததெல்லாம் செத்தது அல்ல. உடம்பில் ஏறிய மருந்து குறைவாக இருந்தால் புழு அதைச் செரித்துவிட்டு எழுந்துவிடும். ஆகவே அடித்த அன்று மாலை எண்ணாதீர்கள். இரண்டு நாள் கழித்து, 20 செடிகளைப் பார்த்து எண்ணுங்கள். உயிரோடு நிறைய இருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் அளவு. "டேங்குக்கு ஒரு மூடி" என்பது அளவே அல்ல. ஒவ்வொரு பாட்டிலின் மூடியும் ஒவ்வொரு அளவு. அதைவிடப் பெரிய பிசகு, லேபிளில் மருந்தின் அளவு நிலப்பரப்புக்குத்தான் கொடுத்திருப்பார்கள் என்பதை மறப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேபிள் ஹெக்டேருக்கு 400 மில்லி என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 160 மில்லி. வெறும் தண்ணீரை 16 லிட்டர் டேங்கில் ஊற்றி, உங்கள் வழக்கமான நடையில் 10 சென்ட் அடித்துப் பாருங்கள். ஒரு டேங்க் தீர்ந்தால் ஏக்கருக்கு 10 டேங்க். டேங்குக்கு 16 மில்லி மருந்து. அரை டேங்க்தான் தீர்ந்தது என்றால் ஏக்கருக்கு ஐந்தே டேங்க். அப்போதும் டேங்குக்கு 16 மில்லி ஊற்றினால் வயலுக்குப் போய்ச் சேர்வது பாதி மருந்து. வேக நடை போடும் ஆள் அடித்த வயலில் புழு எழுந்து நடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வீரியத்தையும் பாருங்கள். சைபர்மெத்ரின் 10 சதவீதத்திலும் வருகிறது, 25 சதவீதத்திலும் வருகிறது. போன வருடம் 25 வாங்கியவர் இந்த வருடம் 10 வாங்கி அதே அளவு ஊற்றினால், போய்ச் சேர்வது பாதிகூட இல்லை. இதுவே தலைகீழாக, 10-க்கான அளவில் 25-ஐ ஊற்றினால் இலை கருகும்.

அடுத்தது தண்ணீர். பைரத்ராய்டு மண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மருந்து. கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலந்தால் கொஞ்சம் மருந்து சேற்றோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். தெளிந்த தண்ணீரை எடுங்கள், துணியில் வடிகட்டுங்கள். சவுட்டுத் தண்ணீர், அதாவது காரத் தண்ணீர், இந்த மருந்தை மெல்லச் சிதைக்கும். கலந்த உடனே அடித்துவிட்டால் பெரிய நட்டமில்லை. இன்று கலந்ததை மிச்சம் வைத்து நாளைக்கு அடிப்பதுதான் தவறு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, சுண்ணாம்பு கலந்த வேறு எதனோடும் சேர்க்கவே கூடாது.

அப்புறம் நேரம். பெரும்பாலான மருந்துகளுக்கு வெப்பம் கூடினால் வீரியம் கூடும். பைரத்ராய்டு பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வெப்பம் கூடினால் பூச்சி மருந்தை வேகமாகச் செரிக்கிறது, நரம்பின் மேல் மருந்தின் பிடியும் தளர்கிறது. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு அடித்தவரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தவரும் ஒரே மருந்தை அடித்தார்கள் என்று சொல்லவே முடியாது. படைப்புழுக்கள் இரவில் வெளியே வந்து மேய்பவை என்பதால் மாலை நேரம் இன்னொரு வகையிலும் நல்லது.

ஸ்பிரேயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். களைக்கொல்லி அடித்த தட்டை விசிறி முனையோடு அப்படியே பூச்சி மருந்து அடித்தால் செடியின் உள்பக்கம் நனையாது. பூச்சி மருந்துக்கு உள்ளீடற்ற கூம்பு முனை வேண்டும். வயலில் ஒரு வரிசை செத்து மறு வரிசை சாகாமல் கோடு கோடாகத் தெரிந்தால் மருந்தைச் சந்தேகிக்காதீர்கள், முனையையும் அடித்தவர் நடையையும் பாருங்கள்.

புழுவின் அளவும் முக்கியம். பச்சைக் காய்ப்புழு ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது சாகும் அளவு, விரல் நீளம் வளர்ந்த புழுவுக்குப் போதாது. வளர்ந்த புழுவைப் பார்த்த பிறகு அடிப்பவர் எப்போதும் ஒரு வாரம் பிந்தியவர்தான்.

இத்தனையும் சரியாக இருந்தும் புழு சாகவில்லையா? எதிர்ப்புத் திறன் வந்திருக்கலாம், அல்லது வாங்கிய மருந்து சரியில்லாமல் இருக்கலாம். இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்க முடியும். கையுறை போட்டுக்கொண்டு, வயலுக்கான அதே அளவில் கொஞ்சம் கரைசல் தயாரியுங்கள். அதில் இலைகளை முக்கி நிழலில் உலர்த்துங்கள். சிறிய டப்பாக்களில் இலைக்கு ஒரு புழுவாகப் பத்து டப்பா. ஒரே டப்பாவில் போட்டால் காய்ப்புழு ஒன்றையொன்று தின்றுவிடும். வெறும் தண்ணீரில் முக்கிய இலையோடு இன்னொரு பத்து. இரண்டு நாளில் மருந்து பட்டவை பெரும்பாலும் செத்தால் குறை தெளிப்பில் இருக்கிறது. பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் அந்த மருந்தோடு இனி அந்த வயலுக்குப் போகாதீர்கள். அடுத்த கடையில் வேறு லாட் பாட்டில் ஒன்றை வாங்கி மறுபடி செய்து பார்த்தால் பூச்சியில் கோளாறா, பாட்டிலில் கோளாறா என்பதும் பிடிபடும். ரசீதும் லாட் எண்ணும் கையில் இருந்தால் வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், மாதிரி எடுத்துச் சோதிக்க அவர்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அதனால்தான் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எதிர்ப்புத் திறன் என்று தெரிந்தபின் சைபர்மெத்ரினை விட்டு லாம்ப்டாவுக்கு மாறுவது மாற்றமே அல்ல. பெயர்தான் வேறு, தாக்கும் இடம் ஒன்றுதான். லேபிளில் வேறு வகுப்பு மருந்தாகப் பார்த்து எடுக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் பைரத்ராய்டுகள் இந்தியப் பருத்திக்கு வந்தபோது அற்புதமாக வேலை செய்தன. 1987-இல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் அதே மருந்தை எத்தனை முறை அடித்தும் பச்சைக் காய்ப்புழு அடங்கவில்லை. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்கள் உண்டு. அளவைக் கூட்டிக் கூட்டி அடித்ததால் எதிர்ப்புத் திறன் இல்லாத புழுக்கள் மட்டும் செத்தன, மிஞ்சியவற்றின் பிள்ளைகள் வயலை நிறைத்தன.

வெளியே புழு இல்லை, காய்க்குள் இருக்கிறது

ஊடுருவாத மருந்து காய்க்குள் போகாது, அவ்வளவுதான். இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே துளைத்துவிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் பொறி) வையுங்கள். பொறி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் அதுதான் அடிக்கும் நேரம். மக்காச்சோளத்தில் 2018-இல் வந்த அமெரிக்கன் படைப்புழுவும் குருத்துக்குள் எச்சத்தை அடைத்துக்கொண்டு பதுங்கும். அதற்குப் பைரத்ராய்டை நான் சொல்வதில்லை. எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பைனிடோரம், குளோரன்ட்ரனிலிப்ரோல் இவற்றில் ஒன்றைக் குருத்துக்குள் இறங்கும்படி விடுவதுதான் பலன் தருகிறது.

புழு போனது, வேறொன்று வந்தது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கோளாறு இது, ஏனென்றால் இதை நாமே வரவழைக்கிறோம். பத்துப் பதினைந்து நாளில் பருத்தி இலை பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்ந்து, செடியை ஆட்டினால் வெள்ளை ஈ பறக்கும். கத்தரியிலும் வெண்டையிலும் இலை வெளுத்து, பின்பக்கம் நூலாம்படை பின்னி, செஞ்சிலந்தி ஊரும். அடித்த மருந்து பொறிவண்டையும் சிலந்தியைத் தின்னும் சிலந்தியையும் கொன்றுவிட்டது. வெள்ளை ஈயின் குஞ்சோ இலைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. காவலுக்கு ஆள் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும் வயல். இப்போது பைரத்ராய்டை மறுபடி அடித்தால் நிலைமை மோசமாகும். செஞ்சிலந்திக்கு நனையும் கந்தகமோ புரோபர்கைட் போன்ற சிலந்திக்கொல்லியோ இலையின் பின்பக்கம் படும்படி அடியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறியும் வேப்பெண்ணெயும் முதலில், அப்புறம்தான் மற்றவை.

நெல்லில் இதைவிடக் கொடுமை. நட்ட 30 நாளில் இலைச்சுருட்டுப்புழு கொஞ்சம் தெரிந்ததும் கை சும்மா இருக்காமல் சைபர்மெத்ரின் அடிப்பார்கள். இலை கொஞ்சம் சுருண்டாலும் தூர் கட்டும் பயிர் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் வயல் சிலந்தியும் அந்த ஒரே தெளிப்பில் காலி. அதோடு, கொல்லாத அளவில் டெல்டாமெத்ரின் பட்ட புகையான் வழக்கத்தைவிட அதிக முட்டை இடுகிறது. கதிர் வரும் நேரத்தில் வயல் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து உட்காரும். அப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், தூரின் அடியில் படும்படி புகையானுக்கென்று பரிந்துரைத்த மருந்தை விடுங்கள். அடுத்த போகத்தில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுங்கள். நெல்லுக்குப் பைரத்ராய்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, லேபிளில் நெல் என்று போட்டிருந்தாலும்.

இலை ஓரம் கருகியது

உச்சி வெயிலில் அடித்தது, வாடிய பயிரில் அடித்தது, ஒரே டேங்கில் மூன்று நான்கைக் கலந்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புதுத்தளிர் நன்றாக வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீர் மட்டும் கட்டுங்கள். கருகலைச் சரிசெய்ய இன்னொரு டானிக் அடிக்காதீர்கள்.

தேனீ செத்துக் கிடக்கிறது, குட்டையில் மீன் மிதக்கிறது, பக்கத்துக்காரர் பட்டுப்புழு சுருள்கிறது

நம் உடம்பு இந்த மருந்தை வேகமாகச் சிதைத்து வெளியே தள்ளும். மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, இறாலும் நண்டும் பூச்சியின் உறவு என்பதால் துளி மருந்துக்கே சாகும். வாய்க்காலில் டேங்க் கழுவுவது நம் ஊரில் சாதாரணம், அதுதான் மீன் மிதப்பதற்கு முக்கியக் காரணம். கழுவிய தண்ணீரை அதே வயலிலேயே அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

சூரியகாந்தி, எள் பூத்திருந்தால் தேனீ கூட்டுக்குத் திரும்பியபின், சூரியன் சாய்ந்ததும் அடியுங்கள். பட்டுப்புழு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கமெல்லாம் மல்பெரித் தோட்டத்துக்கு அடுத்த வரப்பிலேயே காய்கறி இருக்கும். காற்றில் போன சாரல் மல்பெரி இலையில் கொஞ்சம் படிந்தாலே ஒரு கொட்டகைப் புழு முழுதும் வாயால் பச்சைச் சாறு கக்கிச் சாகும். அந்தப் பக்கம் காற்று வீசினால் அன்று அடிக்காதீர்கள். முந்தின நாளே பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொல்லிவிட்டால் அவர் தேவையான இலையை முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்வார். நடந்தபின் சாரல் யாருடையது என்று பஞ்சாயத்து பேசுவதைவிட அந்த ஒரு வார்த்தை எவ்வளவோ மேல்.

பறிக்கிற நாள் வந்துவிட்டது, நேற்றுத்தான் அடித்தேன்

லேபிளில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் என்று பயிர்வாரியாகப் போட்டிருக்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம், அந்த நாட்கணக்கு பறிப்புக்கு ஒத்துவராது என்றால் காய்க்கும் பருவத்தில் அந்த மருந்தை எடுக்கக் கூடாது. அடித்துவிட்டீர்கள் என்றால் அந்த நாள் முடியும்வரை பறித்த காயைச் சந்தைக்கும் அனுப்பாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். கழுவினால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. இது தண்ணீரில் கரையாத மருந்து, காயின் மெழுகுத்தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீர்ந்த பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூன்று முறை குலுக்கி, ஒவ்வொரு முறையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத பாட்டில் என்றாவது ஒருநாள் யார் வீட்டிலாவது மண்ணெண்ணெயோ தண்ணீரோ பிடிக்கும் பாட்டிலாகிவிடுகிறது.